லிஃப்ட் போட்ட ஜிம்னியும் மூணு கடை அலைன்மென்ட்டும்

கேள்வி:

வணக்கம்ணா. கோத்தகிரி பக்கம் இருக்கேன். 2023 மாருதி ஜிம்னி, மேனுவல். தோட்டத்துக்குப் போற மண் ரோட்ல மழைக்காலத்துல அடி தட்டுதுன்னு போன தீபாவளிக்கு வண்டிய ஒசத்த 2 இன்ச் லிஃப்ட் போட்டேன் (காயிலும் ஷாக்கும் மட்டும்), கூடவே 235/75 R15 ஏடி டயர் (ரோடு, மண் ரெண்டுக்கும் ஆனது), மைனஸ் 20 ஆஃப்செட் அலாய். பாக்க சூப்பரா இருக்கு, ஆனா ஓட்ட பயமா இருக்கு. ஸ்டீரிங் ரொம்ப லேசாயிடுச்சு, வளைவு முடிஞ்சா தானா திரும்பி வர்றதில்ல. மேட்டுப்பாளையம் தாண்டி 70ல போறப்ப பாலத்து ஜாயின்ட்ல ஏறினா ஸ்டீரிங் கிடுகிடுன்னு ஆடுது, பிரேக் பிடிச்சு ஸ்லோ பண்ணாத்தான் நிக்குது. மூணு கடையில அலைன்மென்ட் பாத்தாச்சு. மொதல் கடையில டோ (முன் சக்கரம் ரெண்டும் உள்ள பாக்குதா வெளிய பாக்குதாங்கற கோணம்) வெச்சாங்க. ரெண்டாவது கடையில ஸ்டீரிங் கோணலா இருக்குன்னு வீலையே கழட்டி நேரா மாட்டினாங்க, அன்னிலேர்ந்து ஈஎஸ்பி (வண்டி வழுக்காம காக்கற சிஸ்டம்) லைட் எரியுது. மூணாவது கடைக்காரர் கேம்பர் (சக்கரம் மேல் பக்கம் உள்ளயோ வெளியவோ சாயற கோணம்) சிவப்புல வருது, ஆக்சில் ஹவுசிங்க பெண்ட் எடுக்கணும்ங்கறார். முன்னாடி டயர் ரெண்டும் வெளி ஓரம் தேயுது. வலது முன் டயர் இடது டயர விட வெளிய நீட்டிட்டு இருக்கு, அளந்து பாத்தேன் 14 மிமீ வித்தியாசம், பின்னாடி அப்படியே உல்டா. மைலேஜ் 14லேர்ந்து 11.5 ஆயிடுச்சு. ஃப்ரண்ட் ஒருத்தன் டபுள் ஸ்டீரிங் டேம்பர் (ஸ்டீரிங் ஆட்டத்த அமுக்கற ஷாக்) போட்டா எல்லாம் சரியாயிடும்ங்கறான். போடலாமா, இல்ல லிஃப்டையே கழட்டிடவா? லிஃப்டுக்கு முன்னாடி எடுத்த பேப்பரும் இப்ப எடுத்த பேப்பரும் அனுப்பியிருக்கேன்.

பதில்:

தம்பி, மொதல்ல அந்த பெண்ட் வேலைக்கு மட்டும் வண்டிய விட்டுடாதீங்க, மத்ததெல்லாம் அப்புறம் பேசுவோம். ஜிம்னில முன்னாடியும் பின்னாடியும் முழு ஆக்சில், ஒரு பக்க சக்கரத்துலேர்ந்து இன்னொரு பக்கம் வரைக்கும் ஒரே இரும்புக் குழாய். தார், ஸ்கார்ப்பியோ மாதிரி வண்டியில முன்னாடி சக்கரம் ரெண்டும் தனித்தனி ஆர்ம்ல நிக்குது, அதுல வண்டிய ஒசத்தினா ஆர்ம் கீழ பாத்து சரியும், அதோட கேம்பரும் மாறும் டோவும் மாறும். உங்களுதுல அப்படி மாற வழியே இல்ல. பாடிய எவ்ளோ ஒசத்தினாலும் அந்தக் குழாய் வளையாது, ஆகவே கேம்பர் லிஃப்டுக்கு முன்னாடி என்னவோ அதே தான் இப்பவும். நீங்க அனுப்பின ரெண்டு பேப்பரையும் பக்கத்துல வெச்சுப் பாத்தேன், இடது வலது ரெண்டுலயும் பழைய ரீடிங்குக்கும் புது ரீடிங்குக்கும் 5 நிமிஷம் (ஒரு டிகிரிக்கு 60 நிமிஷம்) தான் வித்தியாசம், அது மெஷின் கிளாம்ப் மாட்டற விதத்துலயே வந்துடும். அப்ப ஏன் சிவப்பு? அந்தக் கடையில மெஷின்ல வேற ஏதோ மாடல செலக்ட் பண்ணியிருக்காங்க, பேப்பரோட மேல் ஓரத்துல பாருங்க, வண்டி பேரு இருக்கற இடத்துல ஜிம்னின்னு இல்லவே இல்ல. வேற வண்டி அளவ வெச்சுப் பாத்தா நல்ல ஆக்சிலும் சிவப்புல தான் வரும். ஜாக்கியும் சங்கிலியும் வெச்சு ஹவுசிங்க வளைச்சு அத பச்சை ஆக்கித் தர்றேங்கற ஆள் கிட்ட வண்டிச் சாவியக் கூட குடுக்கக் கூடாது.

இப்ப பாக்க வேண்டிய நம்பருக்கு வருவோம். பழைய பேப்பர்ல காஸ்டர், அதாவது சக்கரம் திரும்பற அச்சு பின் பக்கமா சாஞ்சிருக்கற கோணம், 3 டிகிரி 35 நிமிஷம், 3 டிகிரி 40 நிமிஷம். புதுசுல 0 டிகிரி 50, 1 டிகிரி 0. ரெண்டே முக்கால் டிகிரி காணாம போயிருக்கு, மூணு கடையில ஒருத்தரும் அதப் பத்தி வாயே திறக்கல. அவங்கள முழுசா திட்டவும் முடியாது, ஏன்னா காஸ்டர மாத்த இந்த வண்டியில ஃபேக்டரி ஒரு போல்ட் கூட குடுக்கல, சக்கரக் கோணத்துல ஸ்பேனர் போட்டு மாத்த முடியறது டை ராட் (முன் சக்கரம் ரெண்டையும் இணைக்கற கம்பி) வழியா டோ மட்டும் தான், அதனால டோவ வெச்சு பேப்பர் குடுத்து அனுப்பிடறாங்க.

காஸ்டர் ஏன் போச்சுன்னா, உங்க முன் ஆக்சில சேசிஸோட புடிச்சிருக்கறது பக்கத்துக்கு ஒண்ணா ரெண்டு நீட்ட ஆர்ம். ஆர்மோட பின் முனை சேசிஸ்ல, முன் முனை ரெண்டு புஷ் (ரப்பர் வளையம்) வெச்சு ஆக்சில்ல இறுக்கமா. சேசிஸ் 50 மிமீ மேல போனா ஆர்மோட பின் முனையும் கூடவே மேல போகும், ஆர்ம் சரியும், அதோட ஒட்டியிருக்கற ஆக்சிலும் முன்னாடி பக்கமா கொஞ்சம் உருளும். அப்படி உருளறப்ப நக்கிள் (சக்கரத்த தாங்கித் திரும்பற பாகம்) மேல் முனை, கிங் பின் கோடு (அது திரும்பற அச்சு), எல்லாமே முன்னாடி சாஞ்சுடும், அது தான் காஸ்டர் குறையறது. இந்த வண்டியில ஒரு இன்ச் ஒசத்தினா ஒண்ணரை டிகிரி அக்கம்பக்கம் போகும்னு வெச்சுக்கங்க, உங்க பேப்பரும் கிட்டத்தட்ட அதத்தான் சொல்லுது. சைக்கிள்ல முன் ஃபோர்க் பின் பக்கமா சாஞ்சிருக்கறதால தான் கைய விட்டாலும் நேரா போகுது, ஃபோர்க்க செங்குத்தா நிமித்திட்டா என்ன ஆகும்னு யோசிங்க, ஸ்டீரிங் லேசானதுக்கும் வளைவு முடிஞ்சு திரும்பி வராததுக்கும் காரணம் அது தான், வேற எதையும் தேட வேண்டாம்.

ஆனா ஒண்ணு, அந்த 70ல வர்ற ஆட்டத்தையும் இதோட சேத்து ஒரே வியாதின்னு நினைக்காதீங்க. அது தனி. காஸ்டர சரி பண்ணா ஸ்டீரிங் கனம் வரும், திரும்பி வரும், நேரா ஓடும், ஆனா ஆட்டம் நின்னாலும் நிக்கும் நிக்காமலும் போகும். சொல்லப் போனா காஸ்டர தேவைக்கு மேல கூட்டினா ஆட்டம் இன்னும் மோசமாகறதும் உண்டு, அதனால யாராவது காஸ்டர 5 டிகிரி கூட்டற புஷ் இருக்கு தம்பின்னு ஆச காட்டினா வேண்டாம்னுடுங்க.

ஆட்டம் எங்கேர்ந்து வருதுன்னா, முழு ஆக்சில் வண்டியில ரெண்டு சக்கரமும் டை ராட் வழியா ஒண்ணோட ஒண்ணு கட்டப்பட்டிருக்கு, ஒரு சக்கரம் அடி வாங்கினா அது இன்னொண்ணுக்குப் போகும், அது திருப்பி இதுக்கு அனுப்பும். நடுவுல எங்கயும் பிளே (லூஸ்) இல்லன்னா ரெண்டு தடவைல அடங்கிடும். கொஞ்சூண்டு பிளே இருந்தா அடங்காம ஏறிட்டே போகும். பழைய 195/80 டயரும் அஞ்சரை இன்ச் ரிம்மும் இருந்தப்ப இதே பிளே இருந்திருந்தாலும் உங்களுக்கு தெரிஞ்சிருக்காது, இப்ப சக்கரம் கனம் ஜாஸ்தி, அது போக ஆஃப்செட். கம்பெனி ரிம் பிளஸ் 5, நீங்க போட்டது மைனஸ் 20, அதாவது டயரோட நடுக்கோடு பக்கத்துக்கு 25 மிமீ வெளிய போயிடுச்சு. ரோட்டுல ஒரு பள்ளம் டயர புடிச்சு பின்னாடி இழுக்கறப்ப அந்த இழுப்பு கிங் பின்ன சுத்தி வேலை செய்யற நெம்புகோல் அவ்ளோ நீளமாயிடுச்சு. பாலத்து ஜாயின்ட்ல ஏறினதும் ஸ்டீரிங் உதறறது அதனால தான். ஃபுல் லாக் ஒடிக்கறப்ப அகல டயர் அந்த நீட்ட ஆர்ம்ல உரசக் கூடாதுன்னு தான் கடைக்காரங்க மைனஸ் ஆஃப்செட் குடுக்கறாங்க, அதுல நியாயம் இருக்கு, ஆனா 235க்கு அவ்ளோ மைனஸ் தேவையே இல்ல.

பிளே எங்கன்னு நீங்களே வீட்ல பாத்துடலாம். முன்னாடி ஆக்சிலுக்கு ஜாக்கி போட்டு ஒரு சக்கரத்த தூக்குங்க, ஸ்டாண்டும் வைங்க, ஜாக்கிய மட்டும் நம்பாதீங்க. டயர மேலயும் கீழயும் புடிச்சு உள்ள வெளிய ஆட்டுங்க. டக் டக்னு வந்தா, உள்ள ஒருத்தர உக்கார வெச்சு பிரேக்க அழுத்தச் சொல்லிட்டு மறுபடி ஆட்டுங்க. பிரேக் அழுத்தினதும் ஆட்டம் நின்னா அது வீல் பேரிங், ஏன்னா டிஸ்க்கும் காலிப்பரும் சேந்து ஹப்ப நக்கிளோட கட்டிப் போட்டுடுது. பிரேக் அழுத்தியும் ஆட்டம் வந்தா கிங் பின் பேரிங். தோட்டத்துச் சேத்துலயும் ஓடைத் தண்ணியிலயும் ஓடற ஜிம்னில கிங் பின் பேரிங் தான் மொதல்ல சாகும், நக்கிள் பந்துக்கு பின்னாடி இருக்கற ஃபெல்ட் சீல் காஞ்சுட்டா தண்ணி உள்ள போய் கிரீஸ் காபி கலர்ல வழியும், அத துடைச்சுப் பாத்தாலே தெரிஞ்சுடும். 2023 வண்டி தான, இன்னும் போயிருக்காதுன்னு எனக்கு ஒரு எண்ணம், ஆனாலும் பாத்துடுங்க.

எனக்கு அதிக சந்தேகம் பான்ஹார்ட் ராட் புஷ் மேல தான். ஆக்சில் இடம் வலம் நகராம புடிச்சிருக்கறது அந்த ஒத்தக் கம்பி மட்டும் தான், ஒரு முனை சேசிஸ்ல, இன்னொரு முனை ஆக்சில்ல. வண்டிய ஸ்டார்ட் பண்ணி, சக்கரம் தரையிலேயே இருக்க, உள்ள ஒருத்தர் ஸ்டீரிங்க இப்படி அப்படி சட்டு சட்டுனு ஆட்ட, நீங்க கீழ குனிஞ்சு அந்த கம்பியோட ரெண்டு முனையயும் பாருங்க. புஷ் நடுவுல இருக்கற இரும்புக் குழல் பிராக்கெட்டுக்குள்ள நகந்தா, இல்ல ரப்பர் கிழிஞ்சிருந்தா, ஆட்டத்துக்கு காரணம் கிடைச்சாச்சு.

இதுல லிஃப்ட் போட்ட கடை பண்ணியிருக்க வாய்ப்புள்ள ஒரு தப்பும் இருக்கு. இந்த ரப்பர் புஷ்ல ரப்பர் உள் குழலோட ஒட்டியே இருக்கும், போல்ட்ட இறுக்கினா உள் குழல் பிராக்கெட்டோட பூட்டிக்கும், அப்புறம் ஆர்ம் ஏறி இறங்கறப்ப ரப்பர் தான் முறுக்கிக் குடுக்கும். வண்டிய ஒசத்தினா எல்லா போல்ட்டையும் லூஸ் பண்ணி, சக்கரத்த தரையில இறக்கி, வண்டி தன் எடையில நின்னதுக்கு அப்புறம் தான் டார்க் ரெஞ்ச் போட்டு இறுக்கணும். நிறைய இடத்துல பழைய போல்ட்ட தொடவே மாட்டாங்க, காயிலயும் ஷாக்கையும் மட்டும் மாத்திட்டு கைய துடைச்சுப்பாங்க, அப்படி விட்டா வண்டி சும்மா நிக்கறப்பவே ரப்பர் முறுக்கிட்டே தான் நிக்குது, கொஞ்ச மாசத்துல கிழியும். லிஃப்டுக்கு அப்புறம் ரைட் விறைப்பா தட்டுதுன்னு நிறைய பேர் சொல்றதுக்கு பாதி காரணம் இது தான், பாவம் ஸ்பிரிங்க திட்டுவாங்க.

சரி, அந்த 14 மிமீ. நல்லா அளந்திருக்கீங்க, ஃபெண்டர் ஓரத்துலேர்ந்து தூக்குகுண்டு விட்டு அளந்தீங்கன்னு நினைக்கறேன். பான்ஹார்ட் ராட் சாஞ்சு கிடக்கற கம்பி, வண்டி மேல போகப் போக சாய்வு அதிகமாகும், சாய்வு அதிகமானா குறுக்கு நீளம் குறையும், குறைஞ்சா ஆக்சில சேசிஸ் முனை இருக்கற பக்கமா இழுக்கும். முன் கம்பி ஒரு பக்கம் பாத்தும் பின் கம்பி எதிர்ப் பக்கம் பாத்தும் கட்டியிருக்கறதால முன்னாடி வலது பக்கம் போனா பின்னாடி இடது பக்கம் போகும். ஆனா 14 வித்தியாசம்னா ஆக்சில் நகந்தது 7 தான், வலது பக்கம் 7 வெளிய போச்சு, இடது பக்கம் 7 உள்ள போச்சு, ரெண்டும் சேந்து 14. அட்ஜஸ்ட்டபிள் ராட் வாங்கி 14 நீட்டிட்டீங்கன்னா இப்ப வலப்பக்கம் இருக்கற கோணல் இடப்பக்கம் வரும், அவ்ளோ தான். இந்தக் கணக்குல நல்ல மெக்கானிக்கே தடுக்கி விழுந்து பாத்திருக்கேன். உண்மைய சொன்னா 7 மிமீ நகந்ததால வண்டி ஓட்டத்துல பெருசா ஒண்ணும் ஆகாது, டயர் காயில்ல உரசாத வரைக்கும் அப்படியே விட்டாலும் பொழப்பு ஓடும். ஆனா உங்க புஷ் போயிருந்தா எப்படியும் ராட கழட்டத்தானே போறீங்க, அப்ப அட்ஜஸ்ட்டபிள் போட்டுக்கறது புத்திசாலித்தனம்.

ஒரு எச்சரிக்கை. சில பேர் ராட் நீளத்த மாத்தாம சேசிஸ் பக்க முனைய மட்டும் ஒரு பிராக்கெட் வெச்சு கீழ இறக்குவாங்க. பான்ஹார்ட் ராடும் டிராக் லிங்க்கும் (ஸ்டீரிங் பாக்ஸ்லேர்ந்து சக்கரத்துக்குப் போற கம்பி) முன்னாடிலேர்ந்து பாத்தா ஒரே சாய்வுல இருக்கணும், அப்ப தான் வண்டி ஏறி இறங்கறப்ப ரெண்டும் சேந்து நகரும், ஒண்ண மட்டும் இறக்கி இன்னொண்ண அப்படியே விட்டா ஒவ்வொரு மேடு பள்ளத்துலயும் ஸ்டீரிங் தானா இழுக்கும்.

ஸ்டீரிங் வீல கழட்டி நேரா மாட்டினது தான் இதுலயே எனக்கு கோவம் வர்ற விஷயம். வண்டி ஒசந்ததும் டிராக் லிங்க்கும் சாஞ்சு அதோட குறுக்கு நீளமும் குறைஞ்சது, அதனால வீல் கோணலாச்சு. அதுக்கு டிராக் லிங்க் நீளத்த தான் சரி பண்ணணும், அதுக்குன்னே அதுல திருகு இருக்கு. வீல கழட்டி வேற பல்லுல மாட்டினா கண்ணுக்கு நேரா தெரியும், ஆனா ஸ்டீரிங் ஆங்கிள் சென்சாருக்கு நீங்க எப்பவும் கொஞ்சம் வளைஞ்சே ஓட்டற மாதிரி தெரியும், வண்டியோ நேரா போகுது, ஈஎஸ்பி ரெண்டையும் பாத்து குழம்பி லைட்ட போட்டுடும். மழையில கோத்தகிரி இறக்கத்துல அந்த ஈஎஸ்பி தேவைப்படற நேரத்துல அது வேலை செய்யாம கெடக்கும், இல்ல தப்பான நேரத்துல ஒரு சக்கரத்துக்கு பிரேக் போடும்.

இன்னொண்ணும் இருக்கு, இத கடைக்காரங்க சொல்ல மாட்டாங்க. ஜிம்னில ரேக் ஸ்டீரிங் கிடையாது, பால் ஓடற கியர் பாக்ஸ் வகை. அந்த பாக்ஸ் நடு நிலையில மட்டும் தான் பிளே இல்லாம இறுக்கமா இருக்கற மாதிரி செட் பண்ணியிருக்கும், நடுவ விட்டு விலகினா பிளே கூடும். டிராக் லிங்க்க தொடாம வீல மட்டும் கழட்டி மாட்டினதால இப்ப நீங்க ரோட்ல நேரா போறப்ப பாக்ஸ் நடுவுல இல்ல, கொஞ்சம் ஓரத்துல நிக்குது, அதாவது நாள் பூரா பிளே உள்ள இடத்துல தான் ஓட்டறீங்க. வண்டிய நிப்பாட்டி ஒரு கடைசிலேர்ந்து இன்னொரு கடைசி வரைக்கும் ஸ்டீரிங் எத்தனை சுத்துன்னு எண்ணிப் பாருங்க, அதுல சரி பாதிக்கு திருப்பி நிறுத்துங்க, முன் சக்கரம் நேரா இல்லன்னா நான் சொன்னது உங்களுக்கே புரியும்.

டயர் வெளி ஓரத் தேய்மானம், அது லிஃப்ட்னால வந்தது இல்ல, மொதல் கடையால வந்தது. கைய டயர் மேல வெச்சு வெளி ஓரத்துலேர்ந்து உள் பக்கமா தடவுங்க, அப்புறம் உள்ளேர்ந்து வெளிய தடவுங்க. உள்ள போறப்ப வழுவழுன்னும் வெளிய வர்றப்ப ரம்பப் பல்லு மாதிரியும் இருந்தா டோ-இன் ஜாஸ்தி. வண்டி அலையுதுன்னு நீங்க சொன்னதும் டோ-இன்ன கூட வெச்சு அத அமுக்கப் பாத்திருக்காங்க, இது பழைய வித்தை, கொஞ்சம் கேக்கவும் செய்யும், ஆனா விலையா டயரத் தரணும். லிஃப்ட்னால இந்த வண்டியில டோ கிட்டத்தட்ட மாறவே மாறாது, டை ராட் நக்கிள் டு நக்கிள் ஆக்சிலோடவே போகுது, ஆகவே பழைய பேப்பர்ல இருந்த டோவ அப்படியே திருப்பி வைக்கச் சொல்லுங்க.

வேலைய எந்த வரிசையில பண்ணணும்ங்கறது முக்கியம், மாத்திப் பண்ணா ரெண்டு வேலையா போகும். மொதல்ல பிளே இருக்கறத எல்லாம் மாத்துங்க, லூஸ் வண்டிக்கு அலைன்மென்ட் பாக்கறதே காசுக்கு கேடு. அடுத்தது காஸ்டர், அதுக்கு துளை நடுவுல இல்லாம ஓரமா வர்ற காஸ்டர் புஷ் கிடைக்குது, ஆர்மோட முன் முனையில ஏற்கனவே இருக்கற புஷ்ஷ பிரஸ்ல தள்ளிட்டு இத ஏத்தணும், ஒரு டயர் விலை அளவுக்குள்ள முடிஞ்சுடும். உங்களுக்கு ரெண்டரை மூணு டிகிரி புஷ் போதும். அம்பு குறி எந்தப் பக்கம் பாக்கணும்னு பாத்து ஏத்தச் சொல்லுங்க, தலைகீழா ஏத்தி காஸ்டர் மைனஸ்ல வந்த வண்டியெல்லாம் நம்ம கடைக்கு வந்திருக்கு. புஷ்ஷுக்கு பதிலா ஆர்மோட பின் முனைய கீழ இறக்கற பிராக்கெட்டும் இருக்கு, ரைட் சாஃப்ட்டா இருக்கும், ஆனா அந்த பிராக்கெட் தான் உங்க தோட்டத்து பாறைல மொத மொதல்ல போய் முட்டும். எதைப் போட்டாலும் ஒண்ணு தெரிஞ்சுக்கங்க, காஸ்டருக்காக ஆக்சில திருப்பறப்ப டிஃபரன்ஷியல் மூக்கு கீழ பாக்கும், முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட் இன்னும் வளைஞ்சு ஓடணும், 4எச் (நாலு சக்கர ஓட்டம், ஹை கியர்) போட்டு வேகமா போனா கீழேர்ந்து ஒரு உறுமல் வரலாம். 2 இன்ச்சுக்கு பொதுவா பொறுத்துக்கற அளவுல தான் இருக்கும். அதுக்கு அப்புறம் பான்ஹார்ட், அது முடிஞ்ச பிறகு தான் டிராக் லிங்க். பான்ஹார்ட்ட தொட்டா ஸ்டீரிங் நடு மறுபடி மாறும், அதனால தான் அந்த வரிசை. ஸ்டீரிங் வீல கம்பெனி மாட்டின பழைய பல்லுக்கே கொண்டு வந்து, பாக்ஸ நடுவுல நிறுத்தி, டிராக் லிங்க்க திருகி சக்கரத்த நேராக்கி, கடைசியா டோ, அப்புறம் ஸ்கேனர் போட்டு சென்சார் கேலிப்ரேஷன்.

இந்த வேலைக்கெல்லாம் போறதுக்கு முன்னாடி காசே இல்லாத ஒரு சோதனை இருக்கு. பழைய 195 டயர் ரிம்மோட வீட்ல கிடக்குதுன்னா முன்னாடி ரெண்டும் அத மாட்டி, பின்னாடியும் அதையே மாட்டி (முன்ன ஒரு சைஸ் பின்ன ஒரு சைஸ்னு 4 வீல் டிரைவ் போட்டுடாதீங்க, டிரான்ஸ்ஃபர் கேஸ் தாங்காது), அதே பாலத்துல அதே 70ல போய்ப் பாருங்க. ஆட்டம் சுத்தமா நின்னா புது ரிம்மும் ஆஃப்செட்டும் பேலன்சும் தான் தூண்டுது. அப்பவும் லேசா வந்தா பிளே நிச்சயம். புது ரிம்ல ஹப்ல உக்கார்ற நடுத் துளைய பாருங்க, ஜிம்னிக்கு 108 மிமீ, அத விட பெருசா இருந்து ரிங்கும் போடலன்னா சக்கரம் நட்டு மேல மட்டும் தான் தொங்குது. காத்தும் அளவா இருக்கட்டும், 1200 கிலோ அக்கம்பக்கம் எடையுள்ள வண்டி, பஞ்சர் கடையில 35 அடிச்சு விட்டா டயர் பந்து மாதிரி துள்ளும்.

டபுள் டேம்பர் வேண்டாம். இந்த மாடல்ல கம்பெனியே ஒரு ஸ்டீரிங் டேம்பர் போட்டுத்தான் அனுப்புது. அது இருந்தும் ஆடுதுன்னா உள்ள சங்கதி பெருசு. இன்னொண்ணு போட்டா ஆட்டம் 70ல வர்றது கொஞ்ச நாளைக்கு தெரியாம இருக்கும், அதுக்குள்ள புஷ் முழுசா கிழிஞ்சு ஒரு நாள் 90ல வரும். எல்லாத்தையும் சரி பண்ணிட்டு, பெரிய டயருக்கு துணையா இருக்கட்டும்னு நல்ல டேம்பர் ஒண்ணு மாத்தினா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

மைலேஜ் கணக்குல கொஞ்சம் பொய் இருக்கு. 195/80 R15 டயரோட விட்டம் 693 மிமீ, 235/75 R15 வந்து 733 சொச்சம், ஏறக்குறைய 6 சதவீதம் பெருசு. மீட்டர் இன்னும் சின்ன டயருக்கு தான் கிலோமீட்டர் எண்ணுது, நிஜமா நீங்க 100 கிலோமீட்டர் போனா அது 94, 95 தான் காட்டும். உங்க 11.5 உண்மையில 12.2 கிட்ட வரும். மிச்ச நஷ்டம் டயர் கனம், டயர் மேல இருக்கற பெரிய பட்டன், காத்துத் தடை. ஸ்பீடும் அதே கதை, பழைய டயர்ல 80 காட்டின அதே ஊசி இப்ப 80 காட்டறப்ப 85 வேகத்துல போறீங்க. மேடு ஏற பிக்கப்பும் இதனால குறையும், இஞ்சினே 134 என்எம் தான், கோத்தகிரி கொண்டை ஊசில செகண்ட்ல ஏறினது இப்ப ஃபர்ஸ்ட் கேக்கும்.

இப்ப கழட்டலாமா வேண்டாமாங்கற கேள்வி. நீங்க எதுக்காக போட்டீங்க? அடி தட்டுதுன்னு. எது தட்டிச்சுன்னு பாத்தீங்களா? மண் ரோட்ல டிராக்டர் தடம் நடுவுல நிக்கற மேட்ல பெரும்பாலும் தட்டறது டிஃபரன்ஷியல் தான், முழு ஆக்சில் வண்டியில அது சக்கரத்தோடவே நிக்கும், பாடிய 2 இன்ச் இல்ல 4 இன்ச் ஒசத்தினாலும் அது ஒரு மில்லிமீட்டர் கூட மேல வராது. அத ஒசத்தறது டயர் மட்டும் தான், உங்க பெரிய டயர் குடுத்தது விட்டத்துல பாதி வித்தியாசம், 20 மிமீ. லிஃப்ட் ஒசத்தினது சேசிஸ், ஃபுட் போர்டு ஓரம், பம்பர். அதுல தட்டிச்சுன்னா லிஃப்ட் நியாயம், பழைய கீறல எல்லாம் கீழ படுத்துப் பாருங்க, பதில் அங்க எழுதியிருக்கும். உங்க இடத்துல நான் இருந்தா 30 மிமீ காயிலும் 215/75 டயரும் கம்பெனி ரிம்முமா போட்டு முடிச்சிருப்பேன், காஸ்டர் ரெண்டு டிகிரிக்கு மேல போயிருக்காது. ஆனா இப்ப காசு செலவழிச்சாச்சு, 50 மிமீ லிஃப்ட சரியா முடிக்கறது ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல, காயில் இருக்கட்டும். ரிம்ம மட்டும் வித்துட்டு பூஜ்யம் கிட்ட ஆஃப்செட் உள்ளதா பாருங்க, ஃபுல் லாக்ல ஆர்ம்ல உரசாம இருக்கான்னு கடையிலயே மாட்டி ஒடிச்சுப் பாத்துட்டு வாங்குங்க.

ஒண்ணு, அந்த கிட் உண்மையிலயே 2 இன்ச் தானான்னும் அளந்துக்கங்க, ஹப் நடுவுலேர்ந்து வீல் ஆர்ச் ஓரம் வரைக்கும் நாலு மூலையிலயும். ஸ்டீல் பம்பர், விஞ்ச், கேரியர் எல்லாம் போடற வண்டிக்குன்னு செஞ்ச காயில காலி வண்டியில போட்டா 60, 65 கூட ஏறி நிக்கும்.

கிட்ல பிரேக் ஹோஸ் நீட்டிக்கறதும் பம்ப் ஸ்டாப்பரும் (ஆக்சில் மேல வந்து இடிக்காம தடுக்கற ரப்பர்) வரலன்னு நீங்க சொன்னதுலேர்ந்து தெரியுது. சேசிஸ தூக்கி சக்கரத்த முழுசா தொங்க விட்டு ஹோஸ், ஏபிஎஸ் வயர், ஆக்சில் பிரீதர் குழாய் எதுவும் விறைச்சுக்கிட்டு நிக்கலன்னு இன்னிக்கே பாருங்க, இத மட்டும் தள்ளிப் போடாதீங்க. ஹெட்லைட்டையும் இறக்கி வைங்க, ஒசந்த வண்டி எதிர்ல வர்ற பஸ் டிரைவர் கண்ணுல நேரா அடிக்கும். சட்டப்படி பாத்தா மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு, கம்பெனி குடுத்த அளவ மாத்தக் கூடாதுங்குது, 2019ல சுப்ரீம் கோர்ட்டும் அதையே அழுத்திச் சொல்லிடுச்சு, அதனால விபத்துன்னு வந்தா இன்சூரன்ஸ்காரர் கேக்கற மொதல் கேள்வி இந்த லிஃப்டும் டயரும் தான். தெரிஞ்சு பண்றது உங்க இஷ்டம்.

புஷ் ஏத்தி முடிச்சதும் எடுக்கற பேப்பர அனுப்புங்க, மெஷின்ல ஜிம்னின்னு செலக்ட் பண்ணித்தான் எடுக்கணும்னு பக்கத்துலயே நில்லுங்க. காஸ்டர் ரெண்டு பக்கமும் 3க்கு மேல வந்து, ரெண்டுக்கும் நடுவுல அரை டிகிரிக்கு மேல வித்தியாசம் இல்லன்னா மேட்டுப்பாளையம் ரோட்டுக்கு எடுத்துட்டுப் போகலாம், அது வரைக்கும் 50ஐ தாண்டாதீங்க.